தொட்டிலும் நினைவுச்சின்னமும்

மாதர் நலத்தையும் குழந்தை நலத்தையும் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அத்துடன், எங்கள் முதலியார்பேட்டையின் பழைய நினைவுச்சின்னத்தைப் பற்றியும் சில சொற்கள் சொல்லலாம் என்றார்கள். இவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள் அல்லவா, ஒரே பேச்சில் எப்படி அடங்கும் என்று முதலில் நான் மலைத்தேன். எண்ணிப் பார்த்தபோது, இவை இரண்டும் ஒன்றே என்று எனக்குப் புலப்பட்டது. எப்படி என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், இருப்புப் பாதையைக் கடந்ததும் முதலியார்பேட்டை தொடங்குகிறது. வன்னியப் பெருமாள் கோயிலையும் தேரையும் அறிந்தவர்கள் இந்தப் பேட்டையை அறிவார்கள். ஆனால், நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பேட்டைக்கு விடியலையும் அந்தியையும் அறிவித்தது கோயில் மணி மட்டும் அன்று. ஆலைச் சங்கும் தான். 1898-ஆம் ஆண்டில் தோன்றிய ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் என்னும் பஞ்சாலையை எங்கள் மக்கள் அந்தப் பெயரால் அழைத்ததில்லை. ரோடியர் மில் என்றே அழைத்தார்கள். நகரத்தின் மற்ற இரு ஆலைகளுள் ஒன்று சவானா. அது பிற்காலத்தில் சுதேசி மில் ஆயிற்று. மற்றொன்று கெப்ளே, அது பாரதி மில் ஆயிற்று. புதுச்சேரியின் நீலத்துணி கடல் கடந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை வரையில் சென்று விலைபோனது. அந்தத் துணியை உடுத்தவர்கள் எங்கள் பேட்டையைக் கண்டதில்லை. துணியை நெய்தவர்களும் அந்தக் கரையைக் கண்டதில்லை. நடுவிலே கப்பலும் கணக்கும் மட்டுமே சென்று வந்தன.

அந்த ஆலைகளில் ஆண்கள் மட்டும் உழைக்கவில்லை. நூலைச் சிட்டமாகச் சுற்றுவது, கழிவுப் பஞ்சைப் பிரிப்பது போன்ற வேலைகளில் பெண்கள் இருந்தார்கள். நூல் நிறைந்த குழல்களை எடுத்து வெறுங் குழல்களை மாட்டும் வேலைக்குச் சிறுவர்களின் சின்ன விரல்கள் வசதியாக இருந்தன. வயது குறைந்தால் கூலியும் குறைவு. ஆகவே முதலாளிமார்க்கு அது இரட்டை வசதி.

என் பாட்டி அத்தகைய சிறுமிகளுள் ஒருத்தி. பத்து வயதில், தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஆலைக்குள் நுழைந்தவர். அவர் சொல்லி நான் கேட்டவற்றில் ஒன்று என்றும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. "சங்கு ஊதுவதற்கு முன்னே இருட்டில் புறப்படுவோம், விளக்கு வைத்த பிறகு இருட்டில் திரும்புவோம். என் தம்பி தொட்டிலில் கிடந்தான். அவனுக்கு அம்மா என்பது இராத்திரியில் வருகிற ஒருத்தி" என்பார். தொட்டில் என்று அவர் சொன்னது மரத்தொட்டிலன்று. உத்தரத்தில் கட்டிய பழஞ்சேலைத் தூளி. அதை ஆட்டுவதற்கு ஒரு கிழவி இருந்தாள். கிழவிக்குக் கண் தெரியாது. அழுகைக் குரல் வந்த திசையில் கயிற்றை இழுப்பாளாம்.

அக்காலத்தில் இத்தகைய துன்பங்களைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். அண்டையிலிருந்த பிரிட்டிஷ் இந்தியாவில் 1881-இலேயே முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் சொன்னது என்ன தெரியுமா? ஏழு வயது நிரம்பாத குழந்தையை ஆலையில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று. ஏழு வயது நிரம்பிய குழந்தை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் உழைக்கலாம்! இன்று நினைத்தால் நடுக்கம் உண்டாகிறது. எனினும், அதையும் கருணை என்று கொண்டாடிய காலம் அது. பிறகு 1891, 1911, 1922 ஆகிய ஆண்டுகளில் அந்தச் சட்டம் சிறிது சிறிதாகத் திருந்தி, 1934-இல் வயது வந்தோர்க்கு நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் என்னும் அளவுக்கு வந்து சேர்ந்தது. 1919-இல் வாஷிங்டன் நகரில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, எட்டு மணி நேர வேலையையும் மகப்பேற்றுப் பாதுகாப்பையும் உலகத்தின் முன் வைத்திருந்தது. ஆனால், பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்த எங்கள் புதுச்சேரியில், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று சொற்களும் அரசாங்கக் காகிதங்களின் தலைப்பில் இருந்தன. ஆலைக் கதவுக்கு உள்ளே அவை வரவில்லை.

இந்த நிலையை மாற்ற எழுந்தவர்களுள் தலையாயவர் வ. சுப்பையா அவர்கள். 1911-இல் பிறந்த அவர், முதலில் தொண்டராகவே பொதுவாழ்வில் இறங்கினார் என்பதை நாம் மறக்கலாகாது. தாழ்த்தப்பட்ட மக்கள் வாழ்ந்த சேரிகளில் அரிசன சேவை செய்தவர் அவர். 1934 பிப்ரவரி 17 அன்று காந்தியடிகள் புதுச்சேரிக்கு வந்து ஒதியஞ்சாலைத் திடலில் பேசியதும் அந்தச் சேவையின் தொடர்ச்சியே. அவ்வாண்டிலேயே 'சுதந்திரம்' என்னும் பத்திரிகையையும் சுப்பையா தொடங்கினார். சேரியில் இரவுப் பாடம் கற்பிக்கச் செல்கிறவன், அங்குள்ள குழந்தை ஏன் பாடத்தின் நடுவே தூங்கி விழுகிறது என்று ஒரு நாள் கேட்கத்தான் வேண்டும். கேட்டால், பகலெல்லாம் அது ஆலையில் நின்றது என்னும் விடை வரும். அந்த விடையைக் கேட்ட பிறகு, பாடம் சொல்லிவிட்டு வீடு திரும்ப மனச்சான்று உள்ளவனால் முடியாது. சமூகத் தொண்டு தொழிலாளர் இயக்கமாக வளர்ந்த வழி இதுவே என்று நான் கருதுகிறேன்.

1935-இல் சவானா ஆலையில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. மறு ஆண்டில் கிளர்ச்சி மற்ற ஆலைகளுக்கும் பரவிற்று. கேட்டது வானத்து நட்சத்திரமன்று. வயிற்றுக்குப் போதுமான கூலி, சங்கம் வைக்கும் உரிமை, எட்டு மணி நேர வேலை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1936 ஜூன் மாதத்தில் பிரான்சு நாட்டில் லியோன் பிளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு பதவியேற்று, அம்மாதத்திலேயே வாரத்திற்கு நாற்பது மணி நேர வேலை என்றும் ஊதியத்தோடு கூடிய விடுமுறை என்றும் சட்டம் செய்தது. அதற்கு அடுத்த மாதத்தில், ஜூலை 30 அன்று, அதே பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிகள் புதுச்சேரித் தொழிலாளர்களை நோக்கிச் சுட்டன. பன்னிரண்டு பேர் உயிர் நீத்தனர். பாரிசில் சட்டமான உரிமையில் பாதியைக் கேட்டதற்கு, புதுச்சேரியில் கிடைத்த பதில் அது.

அந்த இரத்தம் வீண்போகவில்லை. செய்தி கடல் கடந்தது. சுப்பையா 1937-இல் பிரான்சுக்கே சென்று தொழிலாளர் வழக்கை எடுத்துரைத்தார். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் பிரெஞ்சிந்தியாவுக்கென்று ஒரு தொழிற்சட்டம் பிறந்தது. எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை ஏற்கப்பட்டது. பெண்களுடைய வேலையையும் சிறுவர்களுடைய வேலையையும் ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. ஆசியாவிலேயே எட்டு மணி நேரத்தை முதலில் பெற்றவர்கள் நாங்கள் என்று புதுச்சேரித் தொழிலாளர் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். அந்தப் பன்னிரண்டு பேரின் நினைவாகவே கடலூர்ச் சாலையில் நினைவுச்சின்னம் நிற்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 30 அன்று தொழிற்சங்கத்தார் ஊர்வலமாக வந்து மலர்வளையம் வைக்கிறார்கள்.

எட்டு மணி நேரம் என்பதை நாம் ஆண்களின் வெற்றி என்றே பேசுகிறோம். அந்த நான்கு மணி நேரக் குறைவு ஒரு தாய்க்கு என்னவாக இருந்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. என் பாட்டி ஒருத்தி சொன்னார். தமக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது புதிய சட்டம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. "என் தாயின் முகத்தை நான் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். என் பிள்ளையின் முகத்தை வெயில் வெளிச்சத்தில் பார்த்தேன். எட்டு மணி நேரம் என்றால் எனக்கு அவ்வளவுதான் தெரியும்" என்றார். சட்டப் புத்தகத்தில் இல்லாத விளக்கம் இது. இதனினும் சிறந்த விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

அதன்பின் நாடு பல படிகள் ஏறியது. புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவுடன் நடைமுறையில் இணைந்தது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியும் இணைந்தது. அதற்கு முன்பே, 1953-இல், துர்காபாய் தேசமுக் அம்மையாரின் தலைமையில் மத்திய சமூகநல வாரியம் தோன்றியிருந்தது. 1961-இல் மகப்பேற்று நலச் சட்டம் வந்து பன்னிரண்டு வார விடுப்பை உறுதி செய்தது. 2017-இல் முதல் இரு குழந்தைகளுக்கு அது இருபத்தாறு வாரமாக உயர்ந்தது. ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பதும் அப்போது விதியாயிற்று. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் முப்பத்து மூன்று வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், இன்று அங்கன்வாடி என்னும் பெயரால் ஒவ்வொரு பேட்டையிலும் இருக்கிறது. பதினான்கு வயது வரை கல்வி உரிமை 2010 முதல் நடைமுறையில் உள்ளது. இவ்வளவு இருக்கும்போது இனித் தொண்டர்களுக்கு என்ன வேலை என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு.

அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை எனக்கு உணர்த்தியவள் பதினொரு வயதுச் சிறுமி.

எங்கள் தெருப் பெண்கள் சிலர் சேர்ந்து மாலை வேளையில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுக்கிறோம். பெரிய ஸ்தாபனம் ஒன்றும் அன்று. ஒரு கூடம், இரண்டு தையல் இயந்திரங்கள், ஒரு வருகைப் பதிவேடு. 2011 டிசம்பரில் வீசிய தானே புயலில் ரோடியர் மில் பெரிதும் சேதமுற்றது; 2020-இல் அது முற்றிலும் மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளும் அவ்வாண்டே மூடப்பட்டன. சங்கு ஓய்ந்தது. ஆலைக் கூலியை நம்பியிருந்த குடும்பங்கள் பெயிண்ட் அடிக்கும் வேலைக்கும், காவல் வேலைக்கும், வீட்டு வேலைக்கும் பிரிந்து சென்றன. அந்நாள்களில் அந்தச் சிறுமி எங்கள் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு வாரம் பார்த்தேன். இரண்டு வாரம் பார்த்தேன். பிறகு, பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'நின்றுவிட்டாள்' என்று எழுதிக் கோடு இழுத்தேன். அந்தக் கோட்டை இழுக்கும்போது என் கை நடுங்கவில்லை. அதைத்தான் இன்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

நான்கு மாதங்கள் கழித்து, வேறொரு காரியமாக ரயில்வே கேட்டைத் தாண்டிச் செல்லும்போது அவளைக் கண்டேன். ஒரு வீட்டுத் திண்ணையில், மடியில் ஒரு வயதுத் தம்பியைக் கிடத்திக்கொண்டு, முழத்துக்கு இவ்வளவு என்று கூலிக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கும் செல்லவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்க முயன்றாள்; மடியில் குழந்தை தூங்கியதால் எழ முடியவில்லை. "டீச்சர், தம்பி எழுந்துக்கும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்று மாலையே அவள் தாயிடம் சென்றேன். படிக்கிற பெண்ணை இப்படி உட்கார வைக்கலாமா என்று, சிறிது கடுமையாகவே பேசினேன். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "காலையில் ஆறு மணிக்கு நான் போகணும் அக்கா; நாலு வீடு. சாயங்காலம் ஆறு மணி ஆகிவிடும். அங்கன்வாடி மத்தியானத்தோடு சரி. அதுக்கப்புறம் இந்தச் சின்னதை யார்கிட்ட விடட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார்.

காலை ஆறு முதல் மாலை ஆறு வரை என்றால் பன்னிரண்டு மணி நேரம். நேயர்களே, எனக்கு அப்போது என் பாட்டியின் குரல் கேட்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டி முதலியார்பேட்டை விரட்டியடித்த அதே பன்னிரண்டு மணி, ஆலைக் கதவு மூடிய பிறகு, வேறு வழியாக வீட்டுக்குள் நுழைந்து உட்கார்ந்திருந்தது. ஆலைக்குச் சட்டம் உண்டு. நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குகிற ஒருத்தியின் நாளை எந்தச் சங்கு முடித்து வைக்கும்? கண் தெரியாத கிழவியின் இடத்தில் இப்போது பதினொரு வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். வேறுபாடு அவ்வளவுதான்.

குறை அந்தச் சிறுமியிடம் இல்லை. அவள் தாயிடமும் இல்லை. தொட்டிலுக்கு ஆள் இல்லை என்பதே குறை. அதை அறியாமல், படிப்பின் பெருமையைப் பற்றி நான் அந்த அம்மாளுக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தேன். ஆகவே, எங்கள் வேலையை மாற்றிக்கொண்டோம். தையல் கூடத்தின் ஒரு பாதியைத் தடுத்து, பகல் ஒரு மணி முதல் மாலை ஆறரை வரையில் கைக்குழந்தைகளை வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தோம். எங்கள் தெருவிலேயே, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு வீட்டில் இருந்த இரண்டு அம்மாமார்கள் முறைபோட்டு வந்தார்கள். அவர்களுக்குச் சிறு தொகையாவது தரவேண்டும் என்று, தையலில் வரும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கினோம். பாலும் கஞ்சியும் வீட்டுக்கு வீடு முறை. முதல் வாரம் மூன்று குழந்தைகள். மூன்றாம் மாதம் ஒன்பது. சிறுமி பள்ளிக்குத் திரும்பினாள். ஓராண்டுப் பாடம் பின்தங்கிவிட்டது. அதை ஈடுசெய்ய அவள் பட்ட பாட்டையும் நான் கண்டேன். பதிவேட்டில் நான் இழுத்த கோட்டை அழிக்கவில்லை. அதன் கீழேயே அவள் பெயரை மறுபடியும் எழுதியிருக்கிறேன். அந்தக் கோடு என் கண்ணில் படவேண்டும்.

அவ்வாண்டு ஜூலை மாதத்தில், வகுப்புக் குழந்தைகளை நினைவுச்சின்னத்துக்கு அழைத்துச் சென்றேன். தினமும் அதைக் கடந்து செல்கிறவர்கள்தாம். ஆயினும் அது என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆலையைப் பற்றியும், பன்னிரண்டு பேரைப் பற்றியும், எட்டு மணி நேரத்தைப் பற்றியும் சொன்னேன். பையன்கள் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டார்கள். அந்தச் சிறுமி வேறு கேள்வி கேட்டாள்: "செத்துப்போனவங்க வீட்டுக் குழந்தைகளை அப்புறம் யார் பார்த்துக்கிட்டாங்க, டீச்சர்?"

எந்தக் கூட்டத்திலும் எந்தப் பேச்சாளரும் கேட்காத கேள்வி அது. தொட்டில் கயிற்றைப் பிடித்திருந்தவளுக்கு மட்டுமே அந்தக் கேள்வி தோன்றும்.

எனக்குத் தெரிந்ததை அவளுக்குச் சொன்னேன். வேலைநிறுத்த நாள்களில், அடுப்பு மூட்டும் ஒவ்வொரு வீட்டிலும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பார்களாம். மாலையில் என் கொள்ளுப்பாட்டியும் மற்றப் பெண்களும் முறத்தோடு தெருவில் சென்று அந்தப் பிடியரிசியைச் சேர்த்து, உலை ஏறாத வீடுகளுக்குக் கொடுப்பார்களாம். துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் அந்த முறம் நிற்கவில்லை என்று பாட்டி சொல்வார். அதற்குக் கணக்குப் புத்தகம் இல்லை. சங்கத்தின் பெயர் இல்லை. தலைவி, செயலாளர் என்று எவரும் இல்லை. ஆனால், எங்கள் பேட்டையில் மாதர் சேவை என்று ஒன்று தொடங்கிய இடம் அந்த முறம்தான் என்று நான் நினைக்கிறேன்.

நினைவுச்சின்னத்தைப் பாதுகாப்பது என்றால் என்ன? வெள்ளையடிப்பதும் வேலி போடுவதும் வேண்டியவையே. ஆலைக் கட்டடங்களில் எஞ்சியவற்றையும், பழைய கூலிப் பேரேடுகளையும், சங்கத் துண்டறிக்கைகளையும் அழியாமல் காப்பதும் மிக அவசியம். ஆலையில் வேலை செய்த பெண்களுள் இன்று எஞ்சியிருப்பவர்கள் முதியவர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பதிவு செய்வதற்கு இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் அவர்களிடம் சென்று, வேலைக்குச் சென்றபோது உங்கள் குழந்தையை யார் வைத்திருந்தார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு விடையை எழுதி வந்தால், அதுவே ஒரு வரலாற்று நூலாகும். நகராட்சியாரும் கல்லூரிகளும் இதில் கைகொடுத்தால் நன்று.

இவற்றிற்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. அந்தப் பன்னிரண்டு பேர் எதற்காக மாண்டார்களோ, அது இன்று யாருக்குக் கிடைக்கவில்லை என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் வீட்டில் வேலை செய்கிற அம்மாளின் நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எத்தனை மணிக்கு முடிகிறது, அவள் குழந்தை இப்போது யாரிடம் இருக்கிறது என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அங்கன்வாடி மாலை வரை திறந்திருக்க வேண்டும் என்று அரசாங்கத்தைக் கேட்போம். அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைக்கும் திட்டம் ஒன்று இப்போது இருக்கிறது. அது எங்கள் தெரு வரை வர வேண்டும். அது வரும் வரையில், ஒவ்வொரு தெருவிலும் ஒரு கூடத்தின் பாதியைத் தடுத்துத் தொட்டில் கட்ட நம்மால் முடியும்.

இவ்வாண்டும் ஜூலை 30 வரும், ஊர்வலம் வரும், மலர்வளையம் வரும். எங்கள் குழந்தைகளும் வருவார்கள். பூ அந்தச் சிறுமியே கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையில் கட்டுவாளாம், பள்ளி நாளில் கட்டமாட்டாளாம்.